கிரேபிள், பெட்டி (1916–1973)

அமெரிக்கத் திரைப்பட நடிகை, நடனக் கலைஞர், பாடகி. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். ஹாலிவுட்டில் பல ஆண்டுகள் சிறு வேடங்களில் உழன்றவரை ‘டவுன் அர்ஜென்டைன் வே’ (1940) நட்சத்திரமாக்கியது. 1943-இல் பிராங்க் போவோல்னி எடுத்த ஒளிப்படத்தில், வெள்ளை நீச்சலுடையில் முதுகு காட்டி நின்று, தோளுக்கு மேலாகத் திரும்பிப் புன்னகைக்கிறார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்கள் பாசறைச் சுவர்களில் ஒட்டிவைத்த படங்களுள் மிகவும் புகழ்பெற்றது இதுவே. அதே ஆண்டு, வசூலில் முதலிடம் வகிக்கும் நட்சத்திரமாகத் திரையரங்கு உரிமையாளர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் அவருடைய கால்களுக்குக் காப்பீடு எடுத்து விளம்பரப்படுத்தியது. அந்த ஆரவாரத்தில் அவரது நகைச்சுவைத் திறனுக்கு உரிய மதிப்புக் கிட்டாமல் போனது பெரும் குறை. மர்லின் மன்றோவுடன் நடித்த ‘ஹௌ டு மேரி எ மில்லியனர்’ (1953) அத்திறனுக்கு நல்ல சான்று. நுரையீரல் புற்றுநோயால் கலிபோர்னியாவில் காலமானார்.