இல்லாத மூன்றாம் பிரிவு

ஹெர்-2 மிகுந்த முற்றிய மார்பகப் புற்றுக்கு டிராஸ்டுசுமாப்பையும் லாப்பாட்டினிப்பையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்பவர்கள் இஜிஎஃப்104900 ஆய்வையே சான்றாகக் காட்டுகிறார்கள். ஹெர்-2 ஏற்பியை ஒன்று வெளியிலிருந்தும் மற்றொன்று உள்ளிருந்தும் தடுப்பதால் இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன என்ற விளக்கமும் அந்த ஆய்வின் முடிவுபோலவே மேற்கோளாகிவிட்டது. ஆய்வு அதைச் சோதிக்கவே இல்லை என்பது என் வாதம்.

டிராஸ்டுசுமாப் பெற்றும் நோய் முற்றிய 296 பேரில் ஒரு பிரிவினர் லாப்பாட்டினிப் மட்டும் பெற்றனர். மறு பிரிவினர் இரண்டையும் பெற்றனர். நோய் முற்றாதிருந்த காலத்தின் இடைநிலை அளவு 8.1 வாரத்திலிருந்து 12 வாரமாயிற்று. வாழ்நாள் 9.5 மாதத்திலிருந்து 14 மாதமாயிற்று. டிராஸ்டுசுமாப்பை மட்டும் தொடர்ந்த பிரிவு இதில் இல்லை. (லாப்பாட்டினிப் அளவும் ஒன்றல்ல: தனியே 1500 மில்லிகிராம், இணையில் 1000.) ஆகவே கிடைத்த பயன் கூட்டின் பயனா, டிராஸ்டுசுமாப்பைக் கைவிடாததன் பயனா என்று பிரித்தறிய வழியில்லை. பின்னதற்கு இடமுண்டு. 156 பேரைக் கொண்ட ஜெர்மானிய ஆய்வு ஒன்றில் (2009), நோய் முற்றிய பிறகும் கேப்சிடபினோடு டிராஸ்டுசுமாப்பைத் தொடர்ந்தபோது, நோய் மேலும் முற்றுவதற்கான காலம் 5.6 மாதத்திலிருந்து 8.2 மாதமாக நீண்டது. அங்கே லாப்பாட்டினிப் இல்லை.

நான்கு வார வேறுபாடு எப்படி நாலரை மாதமாகப் பெருகியது? கட்டி சுருங்கியோர் விகிதமும் 6.9 விழுக்காட்டுக்கு 10.3 என்ற அளவில்தான் இருந்தது. நோய் முற்றினால் லாப்பாட்டினிப் பிரிவினர் இணைக்கு மாறலாம் என்ற விதி இருந்தது. ஏறத்தாழப் பாதிப்பேர் மாறினர். அப்படியானால் வாழ்நாள் ஒப்பீடு, டிராஸ்டுசுமாப்பை உடனே திரும்பத் தருவதா தாமதித்துத் தருவதா என்பதாகவே சுருங்குகிறது. பிரிவு மாற்றம் உண்மைப் பயனைக் குறைத்துக் காட்டியிருக்கும் என்ற மறுப்பு இதைத் தொடவில்லை.

நியோஆல்ட்டோ ஆய்வில் இந்தக் கூட்டு 51.3 விழுக்காட்டினரிடம் மார்பிலிருந்த கட்டியை முற்றிலும் நீக்கியது, டிராஸ்டுசுமாப் 29.5 விழுக்காட்டினரிடம்தான் என்று நினைவூட்டுவார்கள். அவை டிராஸ்டுசுமாப்பையே காணாத கட்டிகள், இங்கே பொருந்தா. அத்தகைய கட்டிகளையே எடுத்தாலும், தொடக்கநிலை நோயில் நடந்த ஆல்ட்டோ ஆய்வில் டிராஸ்டுசுமாப் மட்டும் பெற்ற பிரிவு இருந்தது. 2014இல் வெளியான முடிவில், கூட்டு முன்குறித்த புள்ளியியல் எல்லையை எட்டவில்லை.

கூட்டுச் செயலுக்கு நல்ல சான்று வேறிடத்தில், மிகச் சிறிய ஆய்வொன்றில் கிடக்கிறது. டிராஸ்டுசுமாப் பலிக்காத 29 பேருக்கு, ஹெர்-2ஐத் தடுக்கும் மற்றொரு மருந்தான பெர்டுசுமாப்பைத் தனியே கொடுத்தபோது ஒருவருக்கு மட்டுமே கட்டி சுருங்கியது. அதிலும் நோய் முற்றிய 17 பேருக்கு, பெர்டுசுமாப்பை நிறுத்தாமல் டிராஸ்டுசுமாப்பைத் திரும்பச் சேர்த்தார்கள். மூவருக்குக் கட்டி சுருங்கியது. அவர்களையும் சேர்த்து எழுவர் பயனடைந்தனர். தனித்தனியே தோற்ற இரண்டும் அதே உடலில் சேர்ந்து பலித்தன. கட்டுப்பாட்டுப் பிரிவு இல்லை, எண்ணிக்கை போதாது என்பன சரியே. ஆனால் கூட்டு பற்றிய கேள்வியை அந்த 17 பேரிடம் கேட்டார்கள். 296 பேரிடம் கேட்கவில்லை.