மோட்டன் பாடசாலை மாணவர் கேட்ட நீதி

கல்வியைக் கண்ணென மதித்து வந்த மரபு நம்முடையது. அக்கண்ணைத் திறந்து வைப்பதே பாடசாலையின் பணி. ஆனால், ஒரு நாட்டின் சட்டமே தோலின் நிறத்தைப் பார்த்து, இப்பிள்ளைக்குக் கல்வீடு, அப்பிள்ளைக்குக் கொட்டில் என வகுத்து வைத்தால், அந்நாட்டு இளைஞர் யாது செய்வர்? இவ்வினாவுக்கு விடை தருவது, ஐக்கிய அமெரிக்காவில் வேர்ஜீனியா மாநிலத்துப் பாம்வில் என்னும் சிற்றூரில் இருந்த ஒரு பாடசாலையின் வரலாறு.

அமெரிக்காவில் 1865ஆம் ஆண்டு அடிமை முறை ஒழிந்தது. ஒழிந்த பின்னரும் தென் மாநிலங்கள் கறுப்பின மக்களைப் பாடசாலையிலும் புகையிரதத்திலும் உணவுச்சாலையிலும் வேறாகவே வைத்தன. வேறாக வைப்பினும் சமமாக வைத்தாற் குற்றமில்லை என 1896இல் அந்நாட்டு அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேறாக வைத்தது நடந்தது. சமமாக வைப்பது ஏட்டோடு நின்றது.

பாம்வில் அமைந்துள்ள பிறின்ஸ் எட்வேட் மாவட்டத்தில், கறுப்பின மாணவருக்காக 1939இல் றொபேட் றஸ்ஸா மோட்டன் உயர்தரப் பாடசாலை கட்டப்பட்டது. அம்மாவட்டத்தில் வளர்ந்து, புக்கர் வாஷிங்டனுக்குப் பின் டஸ்கீகிக் கல்லூரியின் தலைவராக விளங்கிய பெரியாரின் பெயர் அது. கட்டிடம் 180 மாணவருக்கென அமைந்தது. சில ஆண்டுகளில் 450 பேர் வரை அங்கே நெருங்கியிருந்து கற்றனர். உடற்பயிற்சிக் கூடம் இல்லை, சிற்றுண்டிச்சாலை இல்லை, விஞ்ஞான ஆய்வுகூடமும் இல்லை. பெற்றோர் புதுக் கட்டிடம் கேட்டனர். அதிகாரிகள் தந்தவையோ மரச்சட்டத்தின் மேல் தார்க் கடதாசி போர்த்த கொட்டில்கள். பார்த்தவர்கள் அவற்றைக் கோழிக்கூடுகள் என்றனர். மாரியில், அடுப்பின் அருகே இருந்தவருக்கு வெக்கை. தள்ளி இருந்தவருக்கு மேற்சட்டை கழற்ற இயலாத குளிர். மழை பெய்தால் கூரை ஒழுகும். பெற்றோரும் ஆசிரியரும் பலமுறை கேட்டும் பயன் விளையவில்லை.

அப்பொழுதுதான் பாபரா ஜோன்ஸ் என்னும் பதினாறு வயது மாணவி எழுந்தாள். நம்பத்தக்க சில தோழரோடு இரகசியமாகக் கூடித் திட்டமிட்டாள். 1951 ஏப்ரல் 23ஆம் நாள், பஸ் நிலையத்தில் மாணவர் சிலர் இடர்ப்பட்டுள்ளனர் எனத் தொலைபேசியிற் பொய்யுரைத்து அதிபரை வெளியே அனுப்பினர். பின்னர் மாணவர் யாவரையும் மண்டபத்துக்கு அழைத்தனர். திரை விலகியபோது மேடையில் நின்றவர் அதிபரல்லர், பாபரா நின்றாள். ஆசிரியரை வெளியேறுமாறு வேண்டிவிட்டு, நல்ல பாடசாலை கிடைக்கும் வரை வகுப்புக்குச் செல்வதில்லை என மாணவரை அழைத்தாள். அனைவரும் அவள்பின் சென்றனர். பகிஷ்கரிப்பு இரு வாரம் நீடித்தது.

மாணவர் முதலிற் கேட்டது சமத்துவமன்று. ஒரு நல்ல கட்டிடமே. உதவிக்கு வந்த வழக்கறிஞர் ஒலிவர் ஹில், ஸ்பொட்ஸ்வுட் றொபின்சன் ஆகியோர் வேறொன்று சொன்னார்கள். பிரித்து வைக்கும் முறையையே எதிர்த்து வழக்காடுவதானால் நாம் வருவோம்; நல்ல கொட்டிலுக்காக வரமாட்டோம் என்பது அவர்கள் நிலை. மாணவரும் பெற்றோரும் இசைந்தனர். மே 23இல் 117 மாணவர் பெயரால் வழக்குத் தாக்கலாயிற்று. அதற்கு விலையும் உண்டு. அதிபர் பதவியிழந்தார். பாபராவுக்கு ஆபத்து வருமென அஞ்சிய பெற்றோர், அவளை அலபாமா மாநிலத்து மொன்ற்கொமறி நகரில் இருந்த அவளது பெரிய தகப்பனாரிடம் அனுப்பினர்.

1952இல் வழக்குத் தோற்றது. ஆனால் மேன்முறையீட்டில் அது வேறு நான்கு வழக்குகளோடு சேர்ந்து, பிறவுண் வழக்கு என உலகறிந்த வழக்காயிற்று. 1954 மே 17இல், பிரித்து வைக்கும் பாடசாலை சமமாகாது என அதியுயர் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

இங்கே கதை முடிந்ததென்று எண்ணுவோர் பலர். உண்மையில் கொடுமையான பகுதி இதன் பின்னரே வந்தது. இரு இனப் பிள்ளைகளும் ஒன்றாகக் கற்கவேண்டிய நாள் நெருங்கியதும், 1959இல் பிறின்ஸ் எட்வேட் மாவட்ட அதிகாரிகள் அரசாங்கப் பாடசாலைகள் அனைத்தையும் பூட்டிவிட்டனர். வெள்ளையர் தம் பிள்ளைகளுக்குத் தனியார் பாடசாலை அமைத்துக்கொண்டனர். கறுப்பினப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,700 பேருக்குக் கதவு அடைபட்டது. சிலர் வெளியூர் உறவினரிடம் சென்று கற்றனர். சிலர் தேவாலயங்களின் கீழறைகளில் எழுத்துப் பயின்றனர். பலர் ஒன்றுமே கற்கவில்லை. 1963இல் நன்கொடையால் இலவசப் பாடசாலைகள் திறக்கப்பட்டன. 1964 மே மாதம் அதியுயர் நீதிமன்றம் மீண்டும் தலையிட்ட பின்னரே, அவ்வாண்டு அரசாங்கப் பாடசாலைகள் திறந்தன. ஐந்தாண்டுகள்! ஆறு வயதில் பாடசாலை வாயிலிற் காலெடுத்து வைக்கவேண்டிய பிள்ளை, பதினொரு வயதில் அரிச்சுவடி தொடங்கியது.

வழக்காடிய மாணவர் கேட்டனர். அவர்தம் தம்பி தங்கையர் விலை கொடுத்தனர். ஆகவே கேட்டது தவறா? அன்று. கதவைப் பூட்டிய கைகளே குற்றம் செய்தவை. தட்டிய கைகள் அல்ல. எனினும், தீர்ப்பு எழுதப்படும் நாளும் அது ஏழைப் பிள்ளையின் பலகையைச் சென்றடையும் நாளும் ஒன்றல்ல என்பதை இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. அவ்விடைவெளியில் விழித்திருப்பதே இளைஞரின் கடமை.

காலம் பின்னர் சில கடன்களைத் தீர்த்தது. அன்று கல்வி இழந்தோர் முதுமையிலேனும் கற்பதற்கு 2004இல் வேர்ஜீனியா அரசு புலமைப்பரிசில் ஏற்படுத்தியது. மோட்டன் பாடசாலைக் கட்டிடம் இன்று நூதனசாலை. நூலகராகப் பணிபுரிந்து 1991இல் மறைந்த பாபராவை, அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டிடத்தில் தன் சார்பிற் சிலையாக நிற்பதற்கு அம்மாநிலம் 2020இல் தேர்ந்தது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் படைகளின் தளபதி லீயின் சிலை நின்ற இடம் அது.

அன்பார்ந்த இளைஞர்களே! பெரியோர் கேட்டுக் கேட்டுக் களைத்த ஒன்றை, ஒரு பதினாறு வயதுப் பெண் ஒழுங்கோடும் அடிதடியின்றியும் கேட்டாள். நம் ஊரிலே எந்தப் பிள்ளைக்கு எந்தக் கதவு அடைபட்டிருக்கிறதெனப் பார்ப்போம். அதைத் தட்டும் முதற் கை நம்முடையதாகட்டும்.