கடல்நீர் எரிபொருளாகுமா?

நெருப்பை அணைப்பது நீரின் இயல்பு. அந்நீரையே எரிபொருளாக்கும் வேட்கையோ நெடுநாளையது. 1800ஆம் ஆண்டில் நிக்கல்சன், கார்லைல் என்னும் ஆங்கிலேயர் இருவர் மின்னோட்டம் செலுத்தி, நீரை ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரித்துக் காட்டினர். நிலக்கரி தீர்ந்தபின் நீரே உலகை இயக்கும் என்னும் நம்பிக்கையை, 1874-75இல் வெளிவந்த தம் நாவலில் ஜூல்ஸ் வெர்ன் எழுதி வைத்தார்.

2007இல் அமெரிக்க வானொலிப் பொறியாளர் ஜான் கான்சியஸ், வானொலி அலைகளைப் பாய்ச்சி உப்புநீரின்மேல் சுடர் எழச் செய்தார். புற்றுநோய்க்கு மருத்துவம் தேடிய முயற்சியில் எதிர்ப்பட்ட காட்சி அது. கண்டோர் வியந்தனர், எரிபொருட் பஞ்சம் தீர்ந்தது என்றோரும் உளர். ஆனால், ஹைட்ரஜன் எரிந்து எஞ்சிய சாம்பல் போன்றதே நீர். சாம்பலை மீண்டும் விறகாக்க வேண்டுமெனில், அவ்விறகு தரும் வெப்பத்தினும் மிகுதியான ஆற்றலைச் செலவிட்டாக வேண்டும். கான்சியஸ் ஏற்றிய சுடருக்கும் இவ்விதியினின்று விலக்கில்லை.

கடல்நீரிலிருந்து கரியமிலவாயுவையும் ஹைட்ரஜனையும் பிரித்து, அவற்றை எரிபொருளாக்கி, சிறு மாதிரி விமானம் ஒன்றைப் பறக்கவிட்டதாக அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடம் 2014இல் அறிவித்தது. அரிய சாதனைதான். எனினும் அப்பணிக்குரிய மின்னாற்றல் கடல்நீரிலிருந்து கிடைத்ததன்று, வெளியிலிருந்து வழங்கப்பட்டது.

ஆகவே, கதிரவனோ காற்றோ தரும் ஆற்றலை எரிபொருளாக மாற்றிச் சேமிக்கக் கடல்நீர் துணைபுரியும்; தானே ஆற்றலை ஈன்றளிக்காது. சுடரைக் கண்டு வியக்கும் மாணவர், அதனை ஏற்றிய ஆற்றல் எங்கிருந்து வந்தது என்றும் வினவப் பழகுதல் வேண்டும்.