மைத்துனன் தெருவுக்கு வந்த கதை

பெங்களூர் அல்சூர் கடைத்தெருவில் இரண்டு இளைஞர்கள் ஒரு காபியை 'பை டூ' சொல்லிப் பங்கிட்டுக் குடிக்கிறார்கள். "ஹேளோ மச்சா" என்கிறான் ஒருவன். 'சொல்லுடா' என்று பொருள். இருவரும் பேசுவது கன்னடம். ஆனால் கன்னடத்தில் அக்காள் கணவர் 'பாவ', மனைவியின் தம்பி 'பாமைத'. மச்சா அங்கே உறவுமுறையே இல்லை. அது நம் மச்சான்தான்.

மச்சானுக்கு மூத்த வடிவம் மைத்துனன். 'வைத்து' பேச்சில் 'வச்சு' ஆகிறது, 'தைத்து' 'தச்சு' ஆகிறது. அதே தடத்தில் மைத்துனன் மச்சுனனாகி, மச்சானாகச் சுருங்கியது. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் கண்ணனை மைத்துனன் என்கிறாள். இன்றும் அதே உறவினர் கல்யாணப் பத்திரிகையில் மைத்துனர், பந்தியில் மச்சான்.

அந்த மச்சான் கன்னடத் தெருவுக்கு எப்படி வந்தான்? 1809-ல் ஆங்கிலேயர் பெங்களூரில் கண்டோன்மென்ட் அமைத்தார்கள். கன்னடர் அதைத் 'தண்டு' என்றார்கள். படையோடும் வணிகத்தோடும் கூலி வேலையோடும் வந்த தமிழர்கள் அல்சூரிலும் இன்றைய சிவாஜிநகரிலும் ஊன்றினார்கள். இரு மொழியும் தோளுரசிப் புழங்கிய ஊர் இது. மைத்துனனுக்கு உறவான 'மைதுன' கன்னடத்தில் முன்பே உண்டு. கணவனின் தம்பியைக் குறிக்கும். வீட்டுக்குள் மைதுன, தெருவில் மச்சா. இலங்கையிலும் இப்படித்தான்: சிங்கள வீட்டில் 'மஸ்ஸினா', நண்பர்களுக்குள் 'மச்சாங்'.

அண்ணன் தம்பி இருக்க, நட்புக்கு மச்சான் ஏன் வந்தான்? தெற்கத்திய மணமுறையில் மாமன் மகனும் அத்தை மகனும் பெண் கொடுத்து, பெண் எடுக்கும் சமமானவர்கள். பங்காளியிடம் சொத்துக் கணக்கு வரும். மச்சானிடம் கேலி செய்ய உரிமை உண்டு. மலையாளிகளும் மைத்துனனைக் குறிக்கும் 'அளியன்' என்ற சொல்லால்தான் தோழனை 'அளியா' என்கிறார்கள். பெண் கொடுத்த வீட்டைத் தாழ்வாகக் கருதும் மரபு வடக்கே வேரூன்றியிருந்தது. அங்கே மனைவியின் சகோதரனான 'சாலா' வசையாகிப் போனான்.

ஆகவே மச்சானைச் செல்லச் சொல்லாக்கியது சமம். அதை எங்கே சொல்லலாம் என்பதற்கும் அதுவே அளவுகோல். நான் மச்சான் என்று அழைக்கும் மாமன் மகன் என்னையும் மச்சான் என்று அழைக்கலாம். அலுவலக வாசலில் நிற்கும் காவலாளியை மேலாளர் மச்சா என்று கூப்பிட்டால், அவர் 'சார்' என்றுதானே பதில் சொல்ல முடியும்? அங்கே அந்தச் சொல்லில் உறவு இல்லை, அதிகாரம்தான் இருக்கிறது. வீட்டிலேயே மூத்தவரானால் "வாங்க மச்சான்" என்கிறோம். இரங்கல் கடிதத்திலோ விண்ணப்பத்திலோ மைத்துனர் என்றே எழுதுகிறோம்.

காபி தீர்ந்ததும் அந்த இளைஞன் கடைக்காரப் பெரியவரிடம் மீதிச் சில்லறைக்குக் கை நீட்டுகிறான். "கொடி, அண்ணா" என்கிறான். 'கொடுங்கள்' என்று பொருள். 'ஹேளோ'வில் 'டா'வாக ஒலித்த 'ஓ' அங்கே இல்லை. இலக்கணம் படித்தா அவன் மாற்றிக்கொண்டான்? எதிரில் நிற்பவர் யார் என்று பார்த்தான், அவ்வளவுதான்.