மணச் செலவும் பொருள் வரைதலும்

திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணிக்கு மணநூல் என்றும் ஒரு பெயர் உண்டு. மணங்கள் பலவற்றைப் பாடிய அக்காவியம் சீவகனின் துறவில் நிறைவடைகிறது. இன்பத்தை மறுக்காமல் அதன் எல்லையைக் காட்டுவது சமண மரபு. இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் பொருள் வரைதலும் ஒன்றாக வைக்கப்பட்டது இதனாலேயே. திருமணச் செலவின் வரலாறும் இவ்வரையறையைத் தேடிய வரலாறே ஆகும்.

அகநானூற்றின் 86ஆம் பாடலில் நல்லாவூர் கிழார் காட்டும் திருமணம் எளியது. வரிசையாகக் கால் நட்ட பந்தல், புதுமணல் பரப்பிய முற்றம், விளக்கு, மாலை, உளுந்து சேர்ந்த உணவு, மகப்பெற்ற மங்கல மகளிர் நால்வரின் நீராட்டு ஆகியனவே அதன் சிறப்புகள். சிலப்பதிகாரத்திலோ யானை மீதமர்ந்த மகளிர் கண்ணகியின் மணத்தை நகருக்கு அறிவிக்கின்றனர். நீல விதானமும் முத்துப் பந்தலும் அமைகின்றன. அது புகார்ப் பெருவணிகர் இல்லத்துத் திருமணம். பெருவணிகரின் அளவை உழவர் குடி மேற்கொள்ளும்போதே கடன் பிறக்கிறது.

இத்துன்பத்தை உணர்ந்தோர் பலர். இராசபுதனத்தில் 1888இல் வால்டர் என்னும் ஆங்கில அதிகாரியின் முயற்சியால் தோன்றிய சபை, இராசபுத்திரர் குடும்பங்களின் திருமணச் செலவை அவரவர் ஆண்டு வருவாய்க்கேற்ப வரையறுத்தது. தென்தமிழகத்தில் வேறொரு வழி பிறந்தது. 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடைபெற்றது. எளிமையும் சிக்கனமும் அம்முறையின் நோக்கங்களுள் அடங்கும். 1967ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் அதற்கு ஏற்பளித்தது. 1961இல் வரதட்சணை தடை செய்யப்பட்டது. மணமக்கள் பெறும் அன்பளிப்புகளுக்கு மதிப்புடன் பட்டியல் எழுதி வைக்க வேண்டுமென 1985ஆம் ஆண்டின் விதிகள் பணித்தன.

சுக்கிலநத்தம் இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதே மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடியில், திருவில்லிபுத்தூரை அடுத்த மகாராஜபுரம் போன்ற வேளாண் ஊர்களில் திருமணத்தைத் தாங்கும் தூண் மொய். உறவினர் எழுதும் மொய்யால் அன்றைய செலவின் ஒரு பகுதி ஈடாகிறது. ஆயினும் அது வருவாய் அன்று. ஒவ்வொரு வரியும் பின்னாளில் அவரவர் இல்ல விழாவில் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். மொய்யை நம்பி வட்டிக்கு வாங்குவோர் ஒரே திருமணத்திற்கு இருமுறை கடன்படுகின்றனர்.

ஆதலின் மெய்யான திட்டம் கையிருப்பிலிருந்து தொடங்க வேண்டும். கடனின்றிச் செலவிடக்கூடிய தொகையை முதலில் குறித்து, அதில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவிற்கு ஒதுக்குதல் நன்று. அடுத்து விருந்தினர் எண்ணிக்கையை முடிவு செய்தல் வேண்டும். பந்தி, மண்டபம், தங்குமிடம் ஆகிய மூன்றும் அவ்வெண்ணைப் பொறுத்தே வளர்கின்றன. அணிகலனும் ஆடையும் எஞ்சிய தொகைக்குள் அடங்க வேண்டும்.

இவ்வகையில் தமிழ்ச் சமணர்க்கு முன்னோர் விட்டுச் சென்ற துணை ஒன்று உண்டு. இரவுண்ணாமை நோன்பைக் காக்கும் குடும்பத்தில் விருந்து கதிரவன் மறையுமுன் நிறைவுறும்; இரவு வரவேற்பும் அதன் செலவும் தாமே நீங்கும். உயிர்களுக்கு இரங்கி வகுத்த ஒழுக்கம் குடும்பத்தின் பொருளையும் காக்கிறது. கடனின்றித் தொடங்கும் இல்லறமே மணமக்களுக்குப் பெற்றோர் அளிக்கும் முதற் சீர்வரிசை.