மௌலிவாக்கத்தை மறக்கலாமா?



உங்களில் பலர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு பதிவு செய்திருக்கிறீர்கள். வேலை நடக்கும் படங்களை அனுப்புகிறீர்கள். "சார், ஏழாவது தளம் போட்டாச்சு", "மாமா, பொங்கலுக்குள்ள சாவி கொடுத்துடுவாங்களாம்" என்று எழுதுகிறீர்கள். படிக்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் வரலாறு நடத்திப் பழகிய எனக்கு, மாடிக் கணக்கைக் கேட்டால் ஆள் கணக்கும் நினைவுக்கு வந்துவிடுகிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

2014 ஜூன் 28, சனிக்கிழமை. சென்னையில் போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடங்கள் இரண்டு அருகருகே எழும்பிக்கொண்டிருந்தன. மாலையில் மழை பிடித்துக்கொண்டது. ஐந்து மணி வாக்கில் இரண்டில் ஒன்று அப்படியே தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டது. 61 பேர் இறந்தார்கள். 27 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் ஏறக்குறைய ஒரு வாரம் இடிபாடுகளைக் குடைந்தார்கள். மூன்று நாள் உள்ளே கிடந்து உயிர் பிழைத்து வந்தவரும் உண்டு.

இறந்தவர்களில் ஆந்திராவின் ஸ்ரீகாகுளம், விஜயநகரம் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். நம் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். கலவைச் சட்டி சுமந்த பெண்களும் அதில் அடக்கம்.

இடி விழுந்ததால் கட்டடம் விழுந்தது என்று அப்போது ஒரு பேச்சு கிளம்பியது. அரசு, நீதிபதி ஆர். ரெகுபதி தலைமையில் ஒரு நபர் விசாரணை ஆணையம் அமைத்தது. ஆணையம் குறை கண்டது வானத்தில் அல்ல. வடிவமைப்பிலும் கட்டிய விதத்திலும்தான். பக்கத்தில் நின்ற இன்னொரு 11 மாடியும் பாதுகாப்பற்றது என்று முடிவாகி, 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. தொலைக்காட்சியில் அதை வேடிக்கை பார்த்தது பலருக்கு நினைவிருக்கும். முதல் கட்டடத்தில் இறந்தவர்கள் அத்தனை பேருக்கு நினைவிருக்கிறார்களா?

நான் சொல்ல வரும் செய்தி இதுதான். கட்டடம் எத்தனை மாடி என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு மாடிக்கு எத்தனை வீடு, ஒரு வீடு எத்தனை சதுர அடி என்பதும் தெரியும். ஆனால் அது விழுந்த நேரத்தில் உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று உடனே சொல்ல முடியவில்லை. இடிபாடு குறையக் குறைய எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது.

இத்தனைக்கும் கணக்கு வைக்கச் சொல்லிச் சட்டம் இருந்தது. மாநிலம் விட்டு மாநிலம் வேலைக்கு அழைத்துச் செல்லப்படுவோருக்கான சட்டம் 1979இலேயே வந்துவிட்டது. ஒடிசாவிலிருந்து முன்பணம் கொடுத்து ஆட்களைக் கூட்டிப்போகும் 'தாதன்' முறையின் கொடுமைகள்தான் அதற்குத் தூண்டுதல். ஆளை அழைத்து வரும் ஒப்பந்ததாரர் உரிமம் பெற வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும், பயணப்படி தர வேண்டும் என்று அது சொன்னது. 35 ஆண்டுகள் கழித்து, அதே ஒடிசாக்காரர்கள் மௌலிவாக்கத்தில் புதைந்தபோது பதிவேட்டை அல்ல, இடிபாட்டைத்தான் புரட்ட வேண்டியிருந்தது.

அடுத்தது 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம். இது தானாக வந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் கொத்தனார்களும் சித்தாள்களும் கம்பி கட்டுபவர்களும் சங்கம் சேர்ந்து போராடினார்கள். உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று 1982இல் இங்கே ஒரு சட்டம் பிறந்தது; கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இல் அமைந்தது. டெல்லியில் நாடு தழுவிய சட்டம் வந்தது அதற்கும் பிறகுதான். இந்த வரிசையை மறந்துவிடாதீர்கள். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நம் ஊர் சித்தாள்களின் கால்நடையும் இருக்கிறது.

அந்தச் சட்டம் 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கட்டடங்களுக்குப் பொருந்தியது. குடிநீர், கழிப்பறை, தங்குமிடம், முதலுதவி எல்லாம் கேட்டது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. ஆனால் பாதுகாப்புக் குழுவும் பாதுகாப்பு அதிகாரியும் கட்டாயம் என்று அது சொன்னது 500 பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான். நடுத்தர அடுக்ககம் ஒன்றில் ஒரே நேரத்தில் 500 பேர் எங்கே இருக்கப்போகிறார்கள்? அங்கே பாதுகாப்பு அதிகாரி என்றால் பெரும்பாலும் மேஸ்திரியின் குரல்தான்.

பணமும் இல்லாமல் இல்லை. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலனுக்காக வசூலாகிறது. நாடு முழுவதும் அப்படிச் சேர்ந்தது 37,000 கோடி ரூபாய்க்கு மேல். செலவானது சுமார் 9,500 கோடிதான் என்பது 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வழியே வெளிவந்தது. வசூலித்ததில் ஏறக்குறைய கால் பங்குதான் உரியவர்களுக்குப் போயிருக்கிறது. 2020இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், நான் சொன்ன 1979, 1996 சட்டங்கள் இரண்டையும் தனக்குள் சேர்த்துக்கொண்டது. சட்டத்தின் பெயர் மாறினாலும் அதைச் சாரத்தின் மேல் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டுமே.

இனி அவசரத்தைப் பற்றி. பொறியியல் படித்த என் மாணவர்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கான்கிரீட்டின் முழு வலிமையை 28ஆம் நாள் கணக்கில்தான் பார்ப்பார்கள். தளத்துக்கு அடியில் கொடுத்த முட்டுகளை இத்தனை நாள் எடுக்கக் கூடாது என்று இந்தியத் தர விதியே சொல்கிறது. சிறிய தளத்துக்கு 7 நாள், அகலம் கூடினால் 14 நாள், நீண்ட உத்திரத்துக்கு 21 நாள். மேல் தளத்தைச் சீக்கிரம் போட வேண்டும் என்று கீழே முட்டைப் பிரித்தால், அடியில் நிற்பவர் தலையில்தான் விடியும்.

அவசரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மும்பையை அடுத்த மும்ப்ரா சாட்சி. அங்கே அனுமதியே இல்லாமல் ஒரு கட்டடத்தைச் சில வாரங்களிலேயே ஏழு மாடிக்கு ஏற்றி, எட்டாவதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆள் குடியிருந்தால் இடிக்க மாட்டார்கள் என்று கீழ் மாடிகளில் குடும்பங்களையும் வைத்துவிட்டார்கள். 2013 ஏப்ரல் 4 அன்று அது விழுந்தது. 74 பேர் போனார்கள், குழந்தைகள் உட்பட.

"பெரிய வேலை என்றால் உயிர்ச்சேதம் இருக்கத்தான் செய்யும்" என்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. அமெரிக்காவில் 1930களில் பெரிய கட்டுமானங்களுக்குப் பத்து லட்சம் டாலர் செலவுக்கு ஓர் உயிர் என்று கணக்கே வைத்திருந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலம் கட்டியபோது அந்தக் கணக்கை ஏற்கவில்லை. தலைக்கவசம் கட்டாயமாக்கினார்கள். பாலத்துக்கு அடியில் வலை கட்டினார்கள். அந்த வலை 19 பேரைத் தாங்கியது. முடியும் தறுவாயில், 1937 பிப்ரவரியில், ஒரு சாரம் அறுந்து வலையையும் கிழித்துக்கொண்டு விழுந்து 10 பேர் இறந்தார்கள். ஆக மொத்தம் 11 உயிர். பழைய கணக்குப்படி அது 35ஐத் தொட்டிருக்கும். விதி என்று நினைத்ததில் பாதிக்கு மேல் விதியே அல்ல என்று தெரிகிறது அல்லவா?

நமக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பீர்கள். இருக்கிறது. வங்கிக் கடன் எப்படி வருகிறது? அஸ்திவாரத்துக்கு இவ்வளவு, ஒவ்வொரு தளத்துக்கும் இவ்வளவு என்று தவணை. தளம் போட்டால்தான் கட்டுபவர் கைக்குப் பணம் வரும். நாமும் "ஏன் இன்னும் எட்டாவது தளம் போடலை?" என்று நச்சரிக்கிறோம். அந்த நெருக்கடி ஒப்பந்ததாரர், மேஸ்திரி என்று இறங்கி, கடைசியில் சாரத்தின் மேல் வெறுங்காலோடு நிற்பவரிடம் போய்ச் சேருகிறது.

அதனால் பிள்ளைகளே, அடுத்த முறை வேலை நடக்கும் இடத்துக்குப் போகும்போது சில கேள்விகளையும் கேளுங்கள். இன்று எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா? மின்தூக்கிக் குழியைச் சுற்றித் தடுப்பு உண்டா? உயரத்தில் நிற்பவருக்கு இடுப்புப் பட்டையும் கீழே வலையும் உண்டா? முட்டு எடுக்கும் தேதியை யார் முடிவு செய்கிறார்? நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா? 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, ஓர் ஆண்டில் 90 நாள் வேலை பார்த்திருந்தால் பதிந்துகொள்ளலாம். தவணை கட்டுகிறவருக்கு இதைக் கேட்க எல்லா உரிமையும் உண்டு. நீங்கள் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சித்தாள் கேட்டால் மறுநாள் வேலை இருக்காது.

வீடு மூன்று மாதம் தாமதமானால் வாடகை கூடுதலாகப் போகும். அது நஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் ஈடுகட்டக்கூடிய நஷ்டம்.

கட்டுமானத் துறையில் இருக்கும் மாணவர்கள் கீழே எழுதுங்கள். உங்கள் வேலையிடத்தில் என்ன நடக்கிறது, எது நடக்கவில்லை என்று நீங்கள் சொன்னால் மற்றவர்களுக்கும் கேட்கத் தெரியும். நிறுவனப் பெயர், ஆள் பெயர் வேண்டாம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.