மணி அடிக்காத அட்டைகள்

பெண், வயது 60க்கு மேல், கிராமத்தில் குடியிருப்பவர், கணவரை இழந்தவர். இந்த நாலும் ஒன்றாகப் பொருந்துகிறவர்களை மட்டும் பிரித்துக் கொடு என்று கணினிக்கு இன்று ஒரு வரி எழுதினால் போதும். லட்சக்கணக்கான வரிகளிலிருந்து கண் இமைக்கும் நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிடும். புள்ளிவிவரத்தோடு காலம் தள்ளிய எனக்கு இது இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. இந்த வேலையை முதலில் ஒரு யந்திரம் செய்த கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1880ஆம் ஆண்டு மக்கள்தொகை சுமார் 5 கோடி. அந்தக் கணக்கெடுப்பின் அட்டவணைகளை முடிக்கவே ஏழு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எழுத்தர்கள் பட்டியலைப் பார்த்துப் பார்த்துக் கோடு போட்டு எண்ணினார்கள். ஆண் எத்தனை, பெண் எத்தனை என்பது சுலபம். வெளிநாட்டில் பிறந்த, இன்ன வயதுள்ள, இன்ன தொழில் செய்கிற ஆண்கள் எத்தனை என்று கேட்டால்தான் தலைவலி. ஒவ்வொரு கேள்விக்கும் மூட்டை மூட்டையான தாள்களை முதலிலிருந்து புரட்ட வேண்டும்.

அங்கே வேலை பார்த்த இளம் பொறியாளர் ஹெர்மன் ஹோலரித். அவருக்கு யோசனை வந்தது ரயிலில். அந்தக் காலத்தில் ரயில் கண்டக்டர், ஒருவர் டிக்கெட்டை இன்னொருவர் பயன்படுத்தாமலிருக்க, பயணியின் முடி நிறம், கண் நிறம், மூக்கின் அளவு இவற்றை டிக்கெட்டிலேயே துளை போட்டுக் குறித்துவிடுவாராம். ஒரு மனிதருக்கு ஒரு அட்டை, ஒரு விவரத்துக்கு ஒரு துளை. அவ்வளவுதான் விஷயம்.

1889இல் ஒரு போட்டி வைத்தார்கள். செயிண்ட் லூயிஸ் நகரின் நான்கு பகுதிகளின் விவரங்களை மூன்று முறைகளில் தொகுக்க வேண்டும். மற்ற இரண்டும் நிறச்சீட்டுகளையும் அட்டைகளையும் கையால் பிரிக்கும் முறைகள். விவரத்தை அட்டையில் ஏற்ற ஹோலரித்துக்கு 72.5 மணி நேரம் ஆனது. பிறகு எண்ணி முடிக்க வெறும் 5.5 மணி. மற்றவர்களுக்கு அதற்கு 44.5 மணியும் 55.5 மணியும் பிடித்தன.

யந்திரம் இப்படி வேலை செய்தது. அட்டையைத் தட்டில் வைத்துக் கைப்பிடியை இழுத்தால் மேலிருந்து ஊசிகள் இறங்கும். துளை இருக்கும் இடத்தில் மட்டும் ஊசி கீழே போய், சிறு கிண்ணத்திலுள்ள பாதரசத்தைத் தொடும். மின்சாரம் பாயும், கடிகார முகம் போன்ற எண்ணியில் முள் ஒரு எண் நகரும். இதில் உண்மையான சாமர்த்தியம் ரிலேக்களில்தான் இருந்தது. ‘ஆண்’ துளை வழியாகவும் ‘வெளிநாட்டில் பிறந்தவர்’ துளை வழியாகவும் மின்சாரம் வந்தால்தான் இந்த முள் நகர வேண்டும் என்று கம்பிகளை இணைத்துவிடலாம். பக்கத்தில் அறைகள் கொண்ட பெட்டி ஒன்று. அட்டைக்குரிய அறையின் மூடி தானே திறக்கும், எழுத்தர் அதில் போட்டுவிட வேண்டியதுதான். அசதி வந்தால் சிலர் பாதரசத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, யந்திரம் பழுது என்று சொல்லி ஓய்வெடுப்பார்கள் என்றொரு கதையும் உண்டு. அரசு அலுவலகம் எங்கேயும் ஒன்றுதான்!

எனக்கு மிகவும் பிடித்தது அந்த மணி. அட்டை ஒழுங்காக எண்ணப்பட்டால் யந்திரம் மணி அடிக்கும். ஆணா பெண்ணா என்று துளை போடாமல் விட்டிருந்தாலோ, வேறு வட்டாரத்து அட்டை கலந்திருந்தாலோ மணி அடிக்காது. அதைத் தனியே எடுத்து வைத்து மூலப் பட்டியலோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள்.

1890இல் மொத்தம் 6 கோடியே 26 லட்சம் என்று சில வாரங்களிலேயே சொல்லிவிட்டார்கள். இன்னும் அதிகம் எதிர்பார்த்த ஜனங்கள் யந்திரத்தைத் திட்டினார்கள்.

வாஷிங்டனில் தோற்ற நிறச்சீட்டின் உறவுக்காரர் ஒருவர் நம் நாட்டுக்கு வந்தார். பவேரியாவில் கையாண்ட சீட்டு முறையை 1901 இந்தியக் கணக்கெடுப்பில் கொண்டுவந்தார்கள். ஒருவருக்கு ஒரு சீட்டு, சீட்டின் நிறத்தைப் பார்த்தாலே மதம் தெரிந்துவிடும். 29 கோடிப் பேரின் சீட்டுகளைக் கையாலேயே அறை அறையாகப் பிரித்தார்கள். ஆள் கூலி மலிவு, யந்திர வாடகை அதிகம் என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பல நிபந்தனைகளைச் சேர்க்கும்போது மொழியே நம்மை ஏமாற்றும். “விதவைகளையும் முதியோரையும் எடு” என்று அதிகாரி சொன்னால், இரண்டும் பொருந்துகிறவர்களையா, ஏதாவது ஒன்று பொருந்துகிறவர்களையா? தமிழில் அந்த ‘உம்’ இரண்டுக்கும் இடம் கொடுக்கும். கணினிக்கோ ‘எல்லாம் பொருந்த வேண்டும்’ என்றோ ‘ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும்’ என்றோ பிரித்துச் சொல்லியாக வேண்டும்.

அதைவிடப் பெரிய வில்லங்கம், விவரம் எழுதாமல் விட்ட இடங்கள். இன்று புள்ளிவிவரக்காரர்கள் புழங்கும் ஆர் மொழியில் ஃபில்ட்டர் என்றொரு கட்டளை உண்டு. 1,000 பேரில் 40 பேருக்கு வயது பதிவாகவில்லை என்று வையுங்கள். 60க்கு மேற்பட்டவர்களைக் கேட்டால் 120 வரும். மற்றவர்களைக் கேட்டால் 840 வரும். அந்த 40 பேர் எந்தப் பக்கமும் வரமாட்டார்கள், யந்திரம் ஒரு வார்த்தை சொல்லாது. நம் ஊரில் வயது தெரியாதவர்கள் பெரும்பாலும் யார்? படிக்காத, பிறந்த தேதி பதியாத முதியவர்கள். முதியோர் எண்ணிக்கையை வைத்து ஓய்வூதியத்துக்குப் பணம் ஒதுக்கினால் முதலில் விடுபடுவது அவர்கள்தான். அதனால்தான் விடுபட்டவர் எத்தனை பேர் என்று தனியாக எண்ணாமல் எந்த அட்டவணையையும் நான் நம்புவதில்லை. இளைஞர்களிடமும் இதையே கேட்டு அரிப்பேன்.

1890 பட்டியல்களின் கதி பரிதாபம். 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் தீப்பிடித்தது. தீயும் தண்ணீரும் சேர்ந்து பெரும்பகுதியை நாசமாக்கின. மிஞ்சியவற்றையும் பிறகு 1930களில் அழித்துவிட்டார்கள். 6 கோடிப் பேரில் இன்று தனித்தனியாகக் கிடைப்பது சுமார் 6,000 பேரின் விவரம் மட்டும். அன்று ஹோலரித்தின் முட்கள் எண்ணிய கூட்டுத்தொகைகள் அச்சில் இருக்கின்றன. தாத்தாவின் பெயரைத் தேடுகிற அமெரிக்கர்கள் 1880லிருந்து 1900க்குத் தாவ வேண்டியிருக்கிறது.